வாராத விமானங்களின் சாட்சியம்

யுத்தகளத்திலிருந்து திரும்பி வரும் வீரனுடைய விழுப்புண்ணைக் கண்டு வியப்பது நம் தமிழ் மக்களின் பழைய வழக்கம். மார்பிற் பட்ட புண்ணைப் பெருமையென்றும், முதுகிற் பட்ட புண்ணை இழிவென்றும் நம் முன்னோர் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு வீரத்தை அளக்கும். ஆயுதத்தின் கொடுமையை அளக்காது. புண்ணோடு வீடு திரும்பியவன், தன்னைக் கொல்லாமல் விட்ட புண்ணை மாத்திரமே நமக்குக் காட்டுகிறான். எந்தப் புண் ஆளைக் கொல்லும் என்பதை அறிய விரும்புவோர், களத்திலேயே கிடந்துவிட்டவனைப் பற்றி விசாரிக்க வேண்டும். இது சிறு பிள்ளைக்கும் விளங்கும் நியாயம். ஆயினும் இந்த நியாயத்தை மறந்த காரணத்தால் சென்ற நூற்றாண்டின் மகா யுத்தத்தில் ஆயிரக்கணக்கான வாலிபர்கள் ஆகாயத்தில் எரிந்து மாண்டார்கள். அவர்களுடைய விமானங்களின் இறக்கைகளைப் பற்றிய வரலாற்றையே இன்று நம் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1939 முதல் 1945 வரை நடந்த யுத்தத்தின் புகைப்படங்களை நம்மிற் பலர் பார்த்திருக்கிறோம். இறக்கையில் ஆள் நுழையத்தக்க ஓட்டையோடு ஒரு குண்டுவீச்சு விமானம் தரையில் நிற்கும். அந்த ஓட்டையின் வழியே தலையை நீட்டிக்கொண்டு விமானி ஒருவர் சிரிப்பார். இப்படத்தைப் பார்ப்பவர் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வருவது இயல்பு. "அடியெல்லாம் இறக்கையின்மேல் விழுகிறது; ஆகையால் இறக்கைக்குக் கவசம் போட வேண்டும்" என்பார் ஒருவர். "இறக்கை எத்தனை அடியையும் தாங்கும், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்" என்பார் மற்றொருவர். இருவரும் வழுக்கி விழுந்தவர்களே என்பது நமது அபிப்பிராயம். காரணத்தைச் சொல்லுகிறோம்.

கணித சாஸ்திரியின் விசாரணை

வக்கீல் தொழிலில் சில வருஷங்கள் கழித்த நமக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கொலை வழக்கில் முதன்மையான சாட்சி ஒருநாளும் கூண்டில் ஏறுவதில்லை, அவன் இறந்துபோனவன். ஆதலால்தான் 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம், இறந்தவன் தன் மரணத்தின் காரணத்தைப் பற்றிச் சொல்லிப்போன வார்த்தையைத் தன் 32-வது பிரிவில் ஏற்றுக்கொண்டது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2024-ல் அமலுக்கு வந்த புதிய சட்டமும் அவ்விதியைக் கைவிடவில்லை. ஆனால் பகைவர் நாட்டிலும் நடுக்கடலிலும் விழுந்த விமானம் மரண வாக்குமூலம் எதுவும் கொடுப்பதில்லை. அதன் சார்பாக வேறொருவர் ஆஜராக வேண்டியிருந்தது. ஆஜரானவர் ஒரு கணித சாஸ்திரி.

அவர் பெயர் ஆபிரகாம் வால்டு. 1902-ம் வருஷம், அக்காலத்தில் ஆஸ்திரிய ஹங்கேரிய ராஜ்யத்தைச் சேர்ந்திருந்ததும் இன்று ருமேனியாவில் உள்ளதுமான குளூஷ் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். வியன்னா சர்வகலாசாலையில் கணிதப் பட்டம் பெற்றார். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். பின்தங்கிய குடும்பத்தாரிற் பெரும்பாலோர் நாஜிகளின் கைகளில் மாண்டனர். யுத்தகாலத்தில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையில் அமைந்திருந்த புள்ளியியல் ஆராய்ச்சிக் குழுவில் வால்டு வேலை செய்தார். 1943-ம் வருஷத்தில், திரும்பி வந்த விமானங்களின் சேதத்தைக் கொண்டு விமானங்களின் பலவீனத்தைக் கணிக்கும் முறையைப் பற்றிப் பல குறிப்புகள் எழுதினார். யுத்த ரகசியமாயிருந்த அக்குறிப்புகள் 1980-ல் மறுபடியும் அச்சிடப்பட்டன.

வால்டு காட்டிய உதாரணக் கணக்கு ஒன்றை நேயர்கள் பொறுமையாகக் கவனிக்க வேண்டுகிறோம். 400 விமானங்கள் தாக்குதலுக்குப் புறப்படுகின்றன. 320 விமானங்கள் ஒரு கீறலுமின்றித் திரும்புகின்றன. ஓர் அடி பட்டுத் திரும்பியவை 32. இரண்டு அடி பட்டவை 20. மூன்று பட்டவை 4. நான்கு பட்டவை 2. ஐந்து பட்டவை 2. ஆகத் திரும்பியவை 380. வாராதவை 20. அந்த இருபதும் எத்தனை அடி பட்டு விழுந்தன என்று சொல்ல ஒருவருமில்லை. ஓர் அடி பட்ட விமானம் பிழைத்திருக்கும் வாய்ப்பு என்ன? இதுவே கேள்வி.

அடி படாத விமானம் விழாது என்றும், ஒவ்வோர் அடியும் ஒரே அளவு அபாயமுள்ளது என்றும் கொண்டு வால்டு கணக்கைத் தொடங்குகிறார். விடை நூற்றுக்குச் சுமார் 85 என்று வருகிறது. விடை சரிதானா என்பதை நாமே சோதித்துப் பார்க்கலாம். 400-ல் 320 போக, முதல் அடி பட்டவை 80. நூற்றுக்கு 85 வீதம் பிழைத்தவை 68; விழுந்தவை 12. அந்த 68-ல் 32 ஓரடியோடு வீடு திரும்பின. மிகுந்த 36 இரண்டாம் அடி பட்டன. பிழைத்தவை 31, விழுந்தவை 5. அந்த 31-ல் 20 திரும்பின. மிகுந்த 11 மூன்றாம் அடி பட்டன. பிழைத்தவை 9, விழுந்தவை 2. அவற்றில் 4 திரும்பின. மிகுந்த 5 நான்காம் அடி பட்டன. பிழைத்தவை 4, விழுந்தது 1. அவற்றில் 2 திரும்பின. மிகுந்த 2 ஐந்தாம் அடியும் பட்டுத் திரும்பின. விழுந்தவற்றைக் கூட்டுங்கள்: 12, 5, 2, 1. ஆக 20. வாராத இருபதும் கணக்கில் வந்து நிற்கின்றன! விழுந்த விமானங்களில் ஒன்றையேனும் கண்ணாற் காணாமல், அவை எப்படி விழுந்தன என்பதை இம்மனிதர் வரிசைப்படுத்திக் காட்டிவிட்டார்.

அடுத்தபடியாக விமானத்தின் உறுப்புக்களை அவர் எடுத்துக்கொண்டார். இயந்திரம், உடல், பெட்ரோல் அமைப்பு, ஏனைய பகுதிகள் என்று நான்காகப் பிரித்தார். இதன் நியாயத்தை எளிதாக இப்படிச் சொல்லலாம். பகைவருடைய குண்டுகள் எங்கும் ஒரே சீராக விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். விமானத்தின் பரப்பில் கால் பங்கு இயந்திரங்கள் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் நூறு அடிகளில் இருபத்தைந்து இயந்திரத்தில் இருக்க வேண்டும். திரும்பி வந்தவற்றில் பத்தே இருந்தால், குறைந்துபோன அடிகள் எங்கே? வாராத விமானங்களோடு அவை கடலில் மூழ்கிக் கிடக்கின்றன. எந்த இடத்தில் துளை குறைவாகக் காண்கிறதோ அந்த இடமே உயிர்நிலை என்று சந்தேகிக்க வேண்டும்.

இங்கே ஒரு பொய்க் கதையைக் கண்டிப்பது நம் கடமை. தளபதிகள் இறக்கையில் கவசம் போடப் போனார்கள் என்றும், வால்டு சபை நடுவே எழுந்து "துளை இல்லாத இடத்தில் போடுங்கள்" என்று முழங்கினார் என்றும் பலர் எழுதிவருகிறார்கள். சிவப்புப் புள்ளிகள் இட்ட விமானப் படம் ஒன்றையும் அவர் வரைந்ததாகக் காட்டுகிறார்கள். அவருடைய குறிப்புகளில் அத்தகைய காட்சியுமில்லை; அப்படமுமில்லை. படம் பிற்காலத்தவர் வரைந்தது. அவர் விட்டுச்சென்றவை சமன்பாடுகளும் அட்டவணைகளுமே. நாடகத்தைக் கேட்டு மகிழ்ந்தவர் நாடகத்தோடு நின்றுவிடுவார். கணக்கைப் பின்தொடர்ந்தவரே அடுத்த தடவை தாமாகக் கணக்கிடுவார்.

இறக்கையின் உள்ளே இருப்பது என்ன?

வால்டு பிரித்த நான்கு பகுதிகளில் இறக்கை என்று தனியாக ஒன்று இல்லை என்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். அதில் ஆழ்ந்த பொருள் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இறக்கை ஒரே பொருள். உள்ளே புகுந்து பார்ப்பவருக்கோ அது மூன்று நான்கு பொருள்கள் கூடி வாழும் ஒரு வீடு.

முதலாவது, மேலே போர்த்த தகடு. இதில் சிறு குண்டுகள் துளைத்துச் சென்றால் காற்று சிறிது கலங்கும். வேகம் சிறிது குறையும். அவ்வளவே. புகைப்படத்தில் நாம் காணும் துளைகளிற் பெரும்பாலானவை இவைதாம். இரண்டாவது, உத்திரம். ஓட்டு வீட்டின் பாரத்தை உத்திரம் தாங்குவது போல, விமானத்தின் பாரத்தை இறக்கையின் உள்ளே நீளவாட்டில் ஓடும் உத்திரங்கள் தாங்குகின்றன. விமானத்தைக் காற்று தூக்குவது இறக்கையைப் பிடித்துத்தான். ஆகவே இறக்கை எப்பொழுதும் மேல்நோக்கி வளையப் பார்க்கிறது. அந்த வளைவின் வேகம் நுனியிற் குறைவு. உடலோடு சேரும் அடியில் மிக அதிகம். நுனியில் ஒரு முழம் போனாலும் விமானம் வீடு சேரலாம். அடியில் உத்திரம் அறுந்தால் சேராது. அரைகுறையாக அறுந்த உத்திரத்தோடு நேராகப் பறந்து வருபவர், பகைவனுக்கு அஞ்சிச் சட்டென்று திரும்பினால் அந்தக் கணமே அபாயம். அறுபது பாகை சாய்ந்து மட்டமாகத் திரும்பும் விமானத்தின் இறக்கை, தன் வழக்கமான பாரத்தைப் போல் இரு மடங்கைத் தாங்க வேண்டும்.

மூன்றாவது, பெட்ரோல் தொட்டி. உடலில் குண்டுகளுக்கும் மனிதர்களுக்கும் இடம் வேண்டியிருப்பதால் பெரும்பாலான விமானங்களில் பெட்ரோல் இறக்கைக்குள் அடைக்கப்படுகிறது. நான்காவது, இறக்கையின் பின்னோரத்தில் அசையும் மடல்களும் அவற்றை இழுக்கும் கம்பிகளும் குழாய்களும். விமானம் ஒரு பக்கம் சாயாமல் நிறுத்துபவை இவையே. ஆக, "இறக்கையில் அடிபட்டது" என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு பொருளுமில்லை. தகட்டிலா, உத்திரத்திலா, தொட்டியிலா, மடலிலா என்று கேட்டாக வேண்டும். ஒரு முழ தூரத்தில் வாழ்வும் சாவும் அடுத்தடுத்துக் குடியிருக்கின்றன.

இதற்கு ஓர் உதாரணம். 1941-ம் வருஷம் ஜூலை மாதம் 7-ந் தேதி இரவு, ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரைத் தாக்கிவிட்டு ஒரு வெலிங்டன் விமானம் இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஹாலந்தின் கரைக்கு மேலே பகை விமானம் சுட்டதில் பெட்ரோல் குழாய் ஒன்று பிளந்து, வலது இயந்திரத்தின் அருகே இறக்கையில் தீப்பற்றிற்று. அவ்விமானத்தின் இறக்கை பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியியல் நிபுணர் அமைத்த முறையில் கூடை பின்னியது போன்ற உலோகச் சட்டங்களால் ஆனது. மேலே துணி போர்த்தது. ஒரு சட்டம் அறுந்தால் அதன் பாரத்தை அடுத்த சட்டம் ஏற்கும். குண்டுக்கு அது தாங்கும், தீக்குத் தாங்குமா? இரண்டாம் விமானியான ஜேம்ஸ் வார்டு என்ற நியூஜிலாந்து வாலிபர், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பறக்கும் விமானத்தின் வெளியே இறங்கினார். துணியைக் காலால் உதைத்துக் கிழித்துப் பிடிக்கும் இடம் செய்துகொண்டு இறக்கையின்மேல் ஊர்ந்து சென்றார். கித்தான் உறையால் தீயை அமுக்கினார். விமானம் வீடு சேர்ந்தது. விக்டோரியா சிலுவை என்னும் மிக உயர்ந்த விருது அவருக்குக் கிடைத்தது.

இதைக் கேட்டு நம் நெஞ்சம் விம்முகிறது. ஆனால் இவ்வரலாற்றின் மறு பாதியையும் சொல்லியாக வேண்டும். அதே வருஷம் செப்டம்பர் மாதம் 15-ந் தேதி ஹாம்பர்க் நகரின்மேல் வார்டின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவருக்கு வயது 22. முதல் இரவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாம் இரவைப் பற்றி ஒரு வரியே காண்கிறோம். இறக்கையில் தீப்பற்றிய விமானங்களில் ஆள் வெளியே இறங்கி அணைக்க நேரம் கிடைக்காதவை எத்தனையோ? அவற்றுக்கு வரலாறே இல்லை.

இருளில் வந்த அடி

வால்டு கண்ட நியாயத்தை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு அந்த யுத்தத்திலேயே கொடிய உதாரணம் ஒன்று உண்டு. 1943-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையின் லங்காஸ்டர் விமானங்கள் இரவுதோறும் ஜெர்மனிக்குச் சென்றன. அவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு முன்னும் பின்னும் மேலும் துப்பாக்கி உண்டு, கீழ்ப்புறம் இல்லை. வயிற்றின் கீழே என்ன வருகிறதென்று பார்க்கவும் வழியில்லை. இதை ஜெர்மானியர் கண்டுகொண்டார்கள். தங்கள் இரவுச் சண்டை விமானங்களின் முதுகில் மேல்நோக்கிச் சாய்ந்த பீரங்கிகளைப் பொருத்தினார்கள். அவ்வருஷம் ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி இரவு பீனமுண்டே என்ற ஊரைப் பிரிட்டிஷார் தாக்கியபோது இந்த உபாயம் முதன்முதலாகப் பெரும் பயன் கொடுத்தது.

ஜெர்மானிய விமானி இருளில் லங்காஸ்டரின் அடியில் சந்தடியின்றி வந்து சேருவான். வயிற்றைச் சுடமாட்டான், அங்கே குண்டுகள் இருக்கின்றன, அவை வெடித்தால் அவனும் சேர்ந்து சாவான். இரண்டு இயந்திரங்களுக்கு இடையே இறக்கையைக் குறி வைப்பான். அங்கேதான் பெட்ரோல் தொட்டி. வெளிச்சம் காட்டும் குண்டுகளைப் பெரும்பாலும் தவிர்த்ததால், அக்கம்பக்கத்து விமானங்களுக்கும் சுட்டது யாரென்று தெரியாது. சில கணங்களில் இறக்கை முழுதும் தீயாகும்.

இந்த உபாயத்தின் இயல்பு பிரிட்டிஷ் படைக்குப் பல மாத காலம் விளங்கவேயில்லை. சொல்லக்கூடியவர்கள் திரும்பி வரவில்லை. திரும்பி வந்தவர்களோ தூரத்தில் விமானங்கள் திடீரென்று வெடிப்பதை மட்டும் கண்டார்கள். "ஜெர்மானியர் நம்மைப் பயமுறுத்துவதற்காக, வெடிக்கும் விமானத்தைப் போலத் தோன்றும் பொய்க் குண்டுகளை வானில் விடுகிறார்கள்" என்ற நம்பிக்கை அவர்களிடையே பரவிற்று. சோளக்கொல்லைப் பொம்மை என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அப்படி ஒரு குண்டே இருந்ததில்லை என்பது யுத்தத்துக்குப் பின் வெளியாயிற்று. அவர்கள் கண்டவை தங்கள் தோழர்களின் விமானங்கள். ஒவ்வொன்றிலும் ஏழு பேர். அந்தக் குண்டுவீச்சுப் படையில் சேவை செய்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் யுத்தம் முடிவதற்குள் மாண்டார்கள்.

இறக்கையில் துளையோடு திரும்பி வந்த லங்காஸ்டரை மாத்திரம் பார்த்த ஒருவர், "இறக்கை தாங்கும்" என்று சத்தியம் செய்திருப்பார். அவர் பார்த்த இறக்கைகள் தாங்கியவையே. தாங்காதவை அவர் கண்ணுக்கு எட்டாத ஜெர்மானிய வயல்களில் கிடந்தன. திரும்பி வந்தவர்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள் கண்டதையே சொன்னார்கள். அவர்களுடைய சாட்சியத்தை முழு வழக்கென்று எண்ணியதே பிழை.

இலேசாகப் பறந்ததன் விலை

லங்காஸ்டரின் விஷயத்தில் அறியாமை உண்டு. ஜப்பானியர் விஷயத்திலோ அறிந்தே செய்த பிழை உண்டு. அவர்களுடைய கப்பற்படை, பசிபிக் சமுத்திரத்தின் பரப்பை எண்ணி, வெகு தூரம் பறக்கும் குண்டுவீச்சு விமானம் வேண்டுமென்று கேட்டது. மிட்சுபிஷி கம்பெனியார் அப்படியே ஒன்று செய்து கொடுத்தார்கள். இறக்கையின் உட்புறமே தொட்டியாக அமைந்தது. சுற்றிலும் ரப்பர் காப்பு இல்லை, கவசம் இல்லை. காப்புப் போட்டால் பாரம் ஏறும். பாரம் ஏறினால் தூரம் குறையும். தூரத்துக்காகக் காப்பை விலையாகக் கொடுத்தார்கள்.

1941-ம் வருஷம் டிசம்பர் மாதம் 10-ந் தேதி, மலேயாவின் கிழக்குக் கடலில் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்தவற்றில் இவ்விமானங்களும் இருந்தன. அன்று உலகம் வியந்தது. எதிர்ப்பதற்குச் சண்டை விமானங்கள் வந்தவுடன் நிலைமை மாறிற்று. இறக்கையில் சில குண்டுகள் பட்டால் போதும். விமானம் பற்றி எரியும். ஒரே தட்டில் பற்றிக்கொள்ளும் சிகரெட் லைட்டர் என்று அதற்குப் பெயர் வந்தது. 1943-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 18-ந் தேதி, ஜப்பானியக் கப்பற்படையின் தலைமைத் தளபதி யமமோட்டோ இதே வகை விமானத்தில் புகைன்வில் தீவின்மேல் பறந்தபோது அமெரிக்கச் சண்டை விமானங்களால் வீழ்த்தப்பட்டு மாண்டார். பின்னர் வந்த மாதிரியில் காப்பிட்ட தொட்டி வைத்தார்கள்; பெட்ரோலின் அளவும் பறக்கும் தூரமும் குறைந்தன. முன்னமே செய்திருக்க வேண்டியதைப் பின்னே செய்தார்கள். அதற்குள் தேர்ந்த விமானிகள் பலரை அவர்கள் இழந்துவிட்டார்கள்.

அக்காலத்தில் மற்ற தேசத்தார் கையாண்ட காப்பு எளிமையானது. தொட்டியைச் சுற்றி ரப்பர் அடுக்குகள் வைப்பார்கள். குண்டு துளைத்துப் பெட்ரோல் கசிந்தவுடன், பதப்படுத்தாத உள் ரப்பர் பெட்ரோலில் ஊறிப் பருத்துத் துளையை அடைத்துவிடும். புண்ணைத் தசையே மூடிக்கொள்வது போன்ற ஏற்பாடு. பாரம் உண்டு, செலவும் உண்டு. ஆனால் ஒரு விமானியைப் பயிற்றுவிக்கச் செல்லும் காலத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பாரம் மிக இலேசானது. தூரமா, காப்பா என்ற தீர்ப்பை மேசையின் முன் அமர்ந்து எழுதியவர்கள் ஒருவர். அதன் விலையை ஆகாயத்தில் கொடுத்தவர்கள் வேறொருவர்.

ஒற்றை இறக்கையோடு வந்தவர்

1983-ம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி இஸ்ரேலில் நெகேவ் பாலைவனத்தின்மேல் பயிற்சிச் சண்டை நடந்தது. எப்-15 விமானம் ஒன்று மற்றொரு விமானத்தோடு மோதிற்று. உடலோடு சேர்ந்த சுமார் இரண்டு அடி நீங்கலாக, அதன் வலது இறக்கை முழுவதும் பிய்ந்துபோயிற்று. பீறிட்ட பெட்ரோலின் ஆவி மறைத்ததால், இறக்கை இல்லையென்பது விமானி ஸிவி நெடிவிக்குத் தெரியவில்லை. வேகத்தைக் குறைத்தால் விமானம் புரளுகிறது, கூட்டினால் நிலைக்கிறது என்பதை மட்டும் கண்டார். வழக்கமான வேகத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கில், மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர் வேகத்தில், தரையில் இறங்கி ஓடுபாதை முடியுமுன் நிறுத்திவிட்டார். இறங்கிய பிறகுதான் இறக்கை இல்லாததைப் பார்த்தார். அவ்விமானத்தின் அகன்ற தட்டையான உடலும் காற்றின் தாங்கலைப் பெற்றது என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். புதிய இறக்கை பொருத்தப்பட்டு அவ்விமானம் மறுபடியும் பறந்தது.

2003-ம் வருஷம் நவம்பர் மாதம் 22-ந் தேதி பாக்தாத் நகரில் மற்றொரு சம்பவம். அது போர் விமானமன்று, சரக்கு விமானம். எனினும் அதைத் தாக்கியது தோளில் வைத்து எய்யும் போர் ஏவுகணை. இடது இறக்கையில் அடி. விமானத்தைத் திருப்பும் உறுப்புக்களையெல்லாம் இயக்கும் மூன்று எண்ணெய் அழுத்த அமைப்புகளும் வற்றிப்போயின. மூன்று மனிதர்கள், இரண்டு இயந்திரங்களின் வேகத்தை மட்டும் கூட்டியும் குறைத்தும், எரியும் இறக்கையோடு திரும்பி இறங்கினார்கள். மூவரும் பிழைத்தார்கள். அடிபட்ட தொட்டி நிரம்பியிருந்தது அவர்கள் பாக்கியம். நிரம்பிய தொட்டி எரியும். பாதி காலியான தொட்டியிலோ ஆவியும் காற்றும் கலந்து நிற்பதால் அது வெடிக்கும்.

இவ்விரண்டு செய்திகளையும் படித்துவிட்டு, "இறக்கை போனாலும் விமானம் வந்துவிடும்" என்று எவரேனும் சொல்வாரானால், அவர் நாம் இதுவரை சொன்னதைக் கேட்கவில்லை. பிழைத்தவை செய்தியாகின்றன, பிழையாதவை எண்ணிக்கையாகின்றன. அறிவாளிகள் செய்ய வேண்டியது வேறு. பிழைத்தது எதனால் பிழைத்தது என்று ஆராய்ந்து, அதை அடுத்த விமானத்தில் வைத்தே கட்ட வேண்டும். தரைப்படைக்குத் துணையாகத் தாழப் பறக்கும் ஏ-10 என்னும் அமெரிக்க விமானத்தில் அப்படியே செய்தார்கள். ஓர் உத்திரத்துக்கு மூன்று உத்திரம் வைத்தார்கள். தொட்டிக்குள் பஞ்சு போன்ற நுரைப்பொருளை அடைத்து வெடிப்பைத் தடுத்தார்கள். எண்ணெய் அழுத்தம் அற்றுப்போனால் விமானி கைவலிமையால் ஓட்டக் கம்பிகள் வைத்தார்கள். மற்ற பல விமானங்களில் தொட்டியின் வெற்றிடத்தில் எரியாத நைட்ரஜன் வாயுவை நிரப்புகிறார்கள். இவை ஒவ்வொன்றும், திரும்பி வராத ஒருவன் சொல்லாமற் சொல்லிப்போன மரண வாக்குமூலம்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

ஆபிரகாம் வால்டு எங்கே மாண்டார் என்பதை நம் நாட்டில் அநேகர் அறியார். இந்திய ஸர்க்காரின் அழைப்பை ஏற்று, பிரசங்கங்கள் செய்வதற்காக அவர் தம் மனைவியோடு இத்தேசத்துக்கு வந்திருந்தார். 1950-ம் வருஷம் டிசம்பர் மாதம் 13-ந் தேதி அவர்கள் ஏறி வந்த விமானம் நம் நீலகிரி மலையில் மோதி அழிந்தது. இருவரும் மாண்டனர். அவருக்கு வயது 48. வாராத விமானங்களுக்காக வாதாடியவர், தாமும் வாராத விமானம் ஒன்றில் போய்விட்டார். உதகைக்கும் கோத்தகிரிக்கும் உல்லாசமாகச் செல்லும் நம்மவர், அம்மலையைப் பார்க்கும்போது ஒரு கணமேனும் அவரை நினைப்பார்களாக.

நினைப்பதோடு நின்றாற் போதாது. ஒவ்வொரு யுத்தத்துக்குப் பின்னும், எல்லாத் தேசங்களிலும், திரும்பி வந்த விமானங்களை ஊர்வலம் விடுகிறார்கள். துளைகளைச் சுற்றி வர்ணம் தீட்டிக் காட்டுகிறார்கள். பதக்கங்கள் அணிவிக்கிறார்கள். அது நியாயமே, வீரரை வாழ்த்தாத நாடு நாடாகாது. ஆயினும் அந்த விமானங்களுக்கு வரி கொடுப்பவர்களும், அவற்றில் ஏறப் பிள்ளைகளைக் கொடுப்பவர்களும் ஜனங்களே. அவர்களுக்கு ஒரு கேள்வி கேட்கும் உரிமை உண்டு. "எத்தனை திரும்பின என்று சொன்னீர்கள், எத்தனை திரும்பவில்லை? அவை எங்கே அடிபட்டன? அந்த இடத்துக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?" இக்கேள்வி தேசத் துரோகமன்று, தேச சேவை. இதைக் கேட்கத் துணியாத சபையும், இதற்கு விடை சொல்ல மறுக்கும் ஸர்க்காரும், அடுத்த முறை அதே இடத்தில் அதே துளையை மறுபடியும் வரவழைத்துக்கொள்ளும்.

திரும்பி வந்தவனை மாலையிட்டு வரவேற்போம். அவன் காட்டும் புண்ணையும் மரியாதையோடு பார்ப்போம். பார்த்த பின், வாசலை அடைத்துவிடாமல், வெளியே இன்னும் யார் வர வேண்டுமென்று எண்ணிப் பார்ப்போம். கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.